சொந்தக் குரலில் நான்காம் இடம்

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ரயில் நிலையத்தின் பின்புறத் தெருவில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தின் முதல் மாடியில், அறுபத்தொரு வயது நடிகை ஒருவர், தனக்குக் குரல் கொடுப்பதற்கான தேர்வில் கலந்துகொள்ள வந்து, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் நான்காவது ஆளாக உட்கார்ந்தார்.

முன்னால் இருந்த மூன்று பெண்களும் எழுந்து நின்றார்கள். மூவர் கையிலும் ஒரே வசனத்தாள் இருந்தது.

“பெரியம்மா! நீங்க எங்க இந்தப் பக்கம்? எங்களுக்கு மார்க் போட வந்தீங்களா?” என்று கேட்டாள் வரிசையில் முதலாவதாக இருந்தவள். யாரைப் போல வேண்டுமானாலும் பேசுவாள் என்பதால் தொழிலில் அவளைக் கிளி என்று அழைத்தார்கள்.

“நானும் பரீட்சை எழுதத்தான் வந்திருக்கேன்.”

மூவரும் சிரித்தார்கள். பெரியம்மா கைப்பையைத் திறந்து, அதே வசனத்தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியில் விரல் வைத்ததும் சிரிப்பு நின்றது.

“உட்காருங்கடி. கால் வலிக்கப் போகுது,” என்றார் பெரியம்மா. அது கீழ்த்தள வரவேற்பாளருக்கும் கேட்டது. அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, மாடியில் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

பெரியம்மாவின் தொல்லையே அந்தக் குரல்தான்.

பத்தொன்பது வயதில் கதாநாயகி ஆகும் கனவோடு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தவர் அவர். மூன்றாவது வாரம் கிழவி வேடக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. குழுவின் முதலாளி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “நீ உசரமா இருக்க, தொண்டையும் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்,” என்று சொல்லி அவர் தலையில் மாவைக் கொட்டினார். அந்த ஒரு நாள் பதினோரு வருடம் நீடித்தது. மைக் இல்லாத அரங்குகளில் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேரும் குரல் அவருக்கு இருந்தது. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்து, “கூப்பிட்டீங்களா?” என்று கேட்ட கதையைக் குழுவில் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள்.

அதே குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவரையே அவர் கல்யாணம் செய்துகொண்டார். தொழில் முழுக்கக் கிசுகிசுத்தே பழகிய மனிதர் அவர். வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் ரகசியம் சொல்வது போலத்தான் கேட்பார். அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக வசிக்கிறாள், நாளெல்லாம் தொலைபேசியில் யாரையோ அதட்டுகிறாள் என்றே பக்கத்து வீட்டார் முதல் சில வருடங்கள் நம்பியிருந்தார்கள்.

முப்பதாவது வயதில் சினிமா கூப்பிட்டது. முப்பத்திரண்டு வயது நாயகனுக்கு அம்மா வேடம். அந்த நாயகனுக்கு இப்போது அறுபத்து மூன்று. திரையுலகம் அவரைச் சின்னவர் என்கிறது. அவரைவிட இரண்டு வயது இளையவரைப் பெரியம்மா என்கிறது. இந்தக் கணக்கு இதுவரை யாருக்கும் இடித்ததில்லை.

முதல் படத்துக்குப் பெரியம்மாவே பேசிப் பார்த்தார். ஒலிப்பதிவுக் கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. “அம்மான்னா கெஞ்சணும்மா. நீ பேசினா வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மாதிரி இருக்கு,” என்றார் அந்தப் படத்தின் இயக்குநர். வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். ஈரத்துணியைப் பிழிந்தால் சொட்டுவது போன்ற குரல். படம் ஓடியது. ஓடிய படத்தில் இருந்த எதையும் மாற்றக் கூடாது என்பது திரையுலகம் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுக்கம். ஆகவே அடுத்த முப்பத்தொரு வருடமும் பெரியம்மா வாயசைக்க, அந்தக் குரல்காரி பேசினார்.

படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதைப் பைலட் என்ற பெயரில் தோராயமாகப் பதிவு செய்வார்கள். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுப்பவர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே, திரையில் தெரியும் உதட்டோடு ஒட்டிப் பேசுவார். வேலை முடிந்ததும் பைலட்டை அழித்துவிடுவார்கள். நூற்று எழுபது படங்களில் பெரியம்மாவின் குரல் இப்படி இருந்து இப்படிப் போனது. குரல்காரிக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு விக்கல் அளவு இடைவெளி விட்டுப் பேச அவர் பழகிக்கொண்டார். அதை ‘மௌனத்தின் நடிப்பு’ என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

இந்த நூற்று எழுபது படங்களில் தொண்ணூற்று மூன்றில் அவர் இறந்திருக்கிறார். காசநோயில் ஒன்பது முறை. மகனுக்கு வந்த குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்கியது இருபத்தாறு முறை. மாடிப்படியில் உருண்டது பதினான்கு. மீதி எல்லாம் செய்தி கேட்ட அதிர்ச்சி. ஒரு படத்தில் நல்ல செய்தி கேட்டும் இறந்தார்.

இரண்டு பெண்களும் நேரில் சந்தித்தது நாலைந்து தடவைதான். குரல்காரி ஸ்கூட்டரில் வருவார், வாய் நிறையக் கெட்ட வார்த்தை பேசுவார். திரையில் அத்தனை பேரிடமும் கெஞ்சியது இவர்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

“ஏண்டி, போன படத்துல சாகறதுக்கு ஆறு நிமிஷம் எடுத்துக்கிட்ட. எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. அடுத்த தடவை நெஞ்சுல வாங்கு. டக்குனு முடிஞ்சிடும்.”

“அது டைரக்டர் கையில இருக்குக்கா.”

“டைரக்டராம் டைரக்டர். உன் மூஞ்சியையும் என் தொண்டையையும் ஒட்டவெச்சு ஒரு பொம்பளையைச் செஞ்சு நிறுத்தியிருக்கானுங்க. அவளுக்கு அவார்டு வேற. நம்ம ரெண்டு பேருல யாருடி போய் வாங்கறது?”

போய் வாங்கியது பெரியம்மா. நன்றி சொல்ல அவர் வாய் திறக்குமுன் பின்னணி இசையைப் போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை தொலைந்த வங்கி அட்டைக்காக வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசினார். பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். “மேடம், அவங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்டுல எல்லாரும் அவங்க ரசிகர்கள். ஒரு வயசான நடிகை பேரைச் சொல்லி ஏமாத்தறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?” கணவர் தொலைபேசியை வாங்கி, வழக்கம்போல் கிசுகிசுத்தார். அத்துடன் அவள் சந்தேகம் முற்றாகத் தீர்ந்து, கணக்கையே முடக்கிவிட்டாள்.

2014 ஜனவரியில் குரல்காரி இறந்துபோனார். நடிகர் சங்கக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பெரியம்மாவின் கையைப் பிடித்துத்தான் துக்கம் விசாரித்தார்கள். “உங்க குரலே போயிடுச்சே பெரியம்மா,” என்று ஒரு தயாரிப்பாளர் விம்மினார். உயிரோடு தன் சாவுக்கே வந்து நிற்பதாகப் பெரியம்மாவுக்குத் தோன்றியது. அவரைப் பேச அழைத்தார்கள். “அக்காவை எனக்கு முப்பத்தொரு வருஷமா...” என்று அவர் ஆரம்பித்ததும், மைக் பழுதாகிவிட்டதென்று நினைத்து மின் பணியாளர் ஓடி வந்து கம்பியைப் பிடுங்கினார். பெரியம்மா மைக் இல்லாமலே பேசி முடித்தார். வாசலில் காத்திருந்த கார் ஓட்டுநர்களுக்கும் கேட்டது.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். சின்னவர்தான் நாயகன். வழக்கம்போல் இவர் அம்மா. ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு நீதிமன்றக் காட்சி இருந்தது. மகன் மேல் கொலை வழக்கு. சாட்சிக் கூண்டில் ஏறும் அம்மா, ‘ஆமாம், என் மகன்தான் செய்தான்’ என்கிறாள். நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறாள். திரைக்கதைத் தாளில் ‘அழாமல்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தார்கள். இந்தப் படத்துக்குப் பெரியம்மா ஒப்புக்கொண்டதே அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான். குரல்காரி இறந்த பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. அந்த நான்கு நிமிடத்தைத் தன் தொண்டையில் பேச வேண்டும். அறுபத்தொரு வயதில் ஒரு தடவையாவது திரையில் தன் வாயிலிருந்து தன் குரல் வர வேண்டும். இயக்குநரிடம் கேட்டார்.

“கண்டிப்பா பெரியம்மா. டெஸ்ட் வெச்சிருக்கோம். நீங்களும் வாங்க,” என்றார் இயக்குநர். முப்பத்து நான்கு வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர்.

தேர்வு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் இருந்தார்கள். இயக்குநர், தயாரிப்பாளர், சின்னவரின் மேனேஜர், ஒலிப்பொறியாளர். ஆளுக்குப் பத்து மதிப்பெண். சமையலறைக் காட்சி ஒன்று திரையில் ஓடியது. ‘சாப்பிட்டுட்டுப் போப்பா’ என்று தொடங்கும் ஏழு வரிகள். கிளி பேசினாள். குரல்காரி எழுந்து வந்து நின்றாற்போல் இருந்தது. தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். வரிசையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் சுமாராக அழுது பேசினார்கள்.

பெரியம்மா காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு தன் முகத்தைத் திரையில் பார்த்தார். பேசினார். “சாப்பிட்டுட்டுப் போப்பா.” கேட்டவனுக்குச் சாப்பிடாமல் போகத் துணிச்சல் வந்திருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் பொத்தானை அழுத்தினார்.

“பெரியம்மா, நல்லா இருந்துச்சு. இப்ப கொஞ்சம் உங்க குரல் மாதிரி பேசிக் காட்டுங்களேன்.”

“இது யாரு குரல் தம்பி?”

“இல்ல... ஜனங்களுக்குத் தெரிஞ்ச உங்க குரல்.”

அங்கேதான் பெரியம்மா தவறு செய்தார். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் கேட்ட வேடத்தை மறுக்காமல் போட்டுப் பழகிய ஆள். குரல்காரியைப் போலப் பேச முயன்றார். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையின் சத்தம் வந்தது. இரண்டாவது முறை இன்னும் மோசம். முப்பத்தொரு வருடம் தன் முகத்தோடு ஒட்டியிருந்த குரல் தன் தொண்டையை ஒருநாளும் தொட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் சரியாக உறைத்தது.

முடிவை அங்கேயே படித்தார்கள். நாற்பதுக்குக் கிளி முப்பத்தேழு. அடுத்தவர்கள் முப்பத்தொன்று, இருபத்தொன்பது. பெரியம்மா பதினான்கு. அதில் பத்து ஒலிப்பொறியாளர் போட்டது. பைலட்டை அழிப்பது அவர் வேலை. ஆகவே பெரியம்மாவின் குரலை இருபது வருடமாகக் கேட்டுவரும் ஒரே ரசிகர் அவர்தான். மற்ற மூவரும் மரியாதைக்காக நான்கைப் பகிர்ந்து போட்டிருந்தார்கள்.

படிக்கட்டில் பெரியம்மா இயக்குநரை நிறுத்தினார்.

“வீட்டு சீனெல்லாம் அவளே பேசட்டும். கோர்ட் சீன் மட்டும் எனக்குக் குடு தம்பி. அந்த அம்மா அழமாட்டா. நீயே எழுதியிருக்க.”

“அழமாட்டாங்கதான் பெரியம்மா. ஆனா குரல்ல அழுகை இருக்கணும்.”

“அழாத அழுகையா?”

“கரெக்ட்! அதான் எனக்கு வேணும். நான் சின்ன வயசுலேர்ந்து உங்க குரலைக் கேட்டு வளர்ந்தவன். அதை நானே எப்படிக் கெடுப்பேன்?”

பெரியம்மா வீட்டுக்குப் போனார்.

மகள் வந்திருந்தாள். பல் மருத்துவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாரு பேசினா என்னம்மா? மூஞ்சி உன்னோடதுதானே,” என்றாள்.

“நீ ஒரு மணி நேரம் குனிஞ்சு ஒருத்தருக்குப் பல்லைச் சரி பண்ற. அந்த ஆளு வெளியில போய் ரிசப்ஷன் பொண்ணுகிட்ட நன்றி சொல்லிட்டுப் போனா எப்படி இருக்கும்?”

“அப்படித்தாம்மா சொல்லிட்டுப் போறாங்க.”

“உனக்குக் கோவம் வரலையா?”

“வரும். அவளோட டீயை நான் குடிச்சிடுவேன்.”

கணவர் சோபாவின் ஓரத்திலிருந்து ஏதோ சொன்னார். இருவருக்கும் கேட்கவில்லை. அருகில் போய்க் காதைக் கொடுத்தார்கள்.

“கோர்ட் சீன் இன்னும் எடுக்கலையே,” என்றார் அவர்.

எடுக்கவில்லைதான். நீதிமன்ற அரங்கில் வேறு ஒரு படத்தின் கல்யாணக் காட்சி நடந்துகொண்டிருந்ததால், ஒன்பது நாள் தள்ளிப் போயிருந்தது. பெரியம்மா கணவரைப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா அக்காவுக்காக இடம் விட்டு இடம் விட்டுப் பேசினேன். இனிமே யாருக்கு விடணும்?”

“விடாதே,” என்று கிசுகிசுத்தார் அவர்.

திட்டம் என்று சொன்னால் அதுதான். வாக்கியத்துக்கு நடுவில் இடைவெளி இருந்தால்தான் இன்னொருவர் நுழைய முடியும். இடைவெளியே இல்லாமல், உதடு வேகமாகவும் ஒரே சீராக இல்லாமலும் அசைந்தால், எந்தக் கிளியாலும் அதற்குமேல் உட்கார முடியாது. ஒன்பது நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. பெரியம்மா நின்றுகொண்டு பேசுவார். கணவர் வசனத்தாளும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பார். பழக்கதோஷத்தில் பெரியம்மா எங்கே விக்கலுக்கு இடம் விட்டாலும் மேசையில் கரண்டி விழும். முதல் நாள் நாற்பத்தாறு தட்டு. எட்டாம் நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நாடகக் காலத்தில் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மார்ச் 20 அன்று படப்பிடிப்பு. சின்னவருக்கு நான்கு மணிக்கு விமானம் என்பதால் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பொறியாளர் மட்டும் நிதானமாகச் சாட்சிக் கூண்டின் உட்புறத்தில் ஒரு மைக்கைப் பொருத்தினார். நீதிமன்ற மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார்.

“பைலட்டுக்கு எதுக்குய்யா இவ்வளவு நல்ல மைக்?” என்றார் தயாரிப்பாளர்.

“கையில இது ஒண்ணுதான் சார் இருக்கு,” என்றார் அவர். பெட்டியில் இன்னும் ஆறு இருந்தன.

பெரியம்மா நரைமுடியோடு கூண்டில் ஏறினார். இப்போது அதற்கு மாவும் தேவைப்படவில்லை. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருந்தது. ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஆரம்பித்தார்.

நான்கு நிமிடம் பத்து வினாடி. மூச்சு எங்கே வாங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. வசனத்தில் இருந்த எல்லாம் வந்தது. ஆனால் ஒரு வாக்கியத்தின் வால் அடுத்ததன் தலையைக் கவ்விக்கொண்டு வந்தது. குரல் உயரவில்லை. கூடத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்ற தச்சர்கள் நிமிர்ந்து நின்றார்கள். நீதிபதியாக உட்கார்ந்திருந்த துணை நடிகர், தன் வேடம் என்ன என்பதை மறந்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு யாரும் ‘கட்’ சொல்லவில்லை. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டு தனக்கில்லை என்று தெரிந்த சின்னவர் குற்றவாளிக் கூண்டிலிருந்து, “என்ன பெரியம்மா, இப்படி மிரட்டறீங்க? நான் உங்க புள்ளையாக்கும்,” என்றார்.

“தெரியும்டா கண்ணா. என்னைவிட ரெண்டு வயசு மூத்த புள்ள.”

கூடம் முழுக்கச் சிரித்தது. சின்னவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு டேக் கேட்கவிருந்த இயக்குநர் வாயை மூடிக்கொண்டார். “பரவாயில்ல. ஒரே ஷாட்ல அப்படியே வெச்சுக்கலாம். பிரமாதம். டப்பிங்ல குரலை மட்டும் மாத்திட்டா போதும்,” என்றார்.

ஏப்ரலில் கிளி அந்தக் காட்சிக்குக் குரல் கொடுக்க உட்கார்ந்தாள். முதல் நாள் இருபது வினாடி முடிந்தது. அதிலும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இரண்டாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டி, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள், வேறொரு வேலையாக வந்திருந்த பெரியம்மாவை அவள் கேண்டீனில் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்மா, உங்க வாயைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது. மனுஷங்கன்னா எங்கயாவது ஒரு இடத்துல மூச்சு விடமாட்டாங்களா?”

“விட்டா நீ புகுந்துடுவ.”

கிளி பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, “வேணும்னேதான் பண்ணீங்களா?” என்றாள்.

“உன்மேல கோவம் இல்லடி. நீ நல்லாத்தான் பேசற.”

“சொல்லியிருந்தா மொத நாளே தொண்டை வலின்னு லீவு போட்டிருப்பேனே. மூணு நாள் உசிரை வாங்கிட்டீங்களே பெரியம்மா,” என்றாள் கிளி. அதைக் குரல்காரியின் குரலிலேயே சொன்னாள். பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காட்சியையே வெட்டிவிடலாம் என்றார் சின்னவரின் மேனேஜர். வெட்டினால் இடைவேளைக்குப் பிறகு நாயகன் எதற்குச் சிறையில் இருக்கிறார் என்பது யாருக்கும் விளங்காது. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா குடித்திருப்பதுபோல் தெரிந்தது. சுவரொட்டியில் வெளியீட்டுத் தேதி அச்சாகிவிட்டிருந்தது. கடைசியில், “பைலட் சுத்தமா இருக்கு சார்,” என்று ஒலிப்பொறியாளர் நினைவுபடுத்தினார். தயாரிப்பாளர் தலையில் கைவைத்தபடி, சரி என்றார்.

மே 9, வெள்ளிக்கிழமை படம் வெளியானது. பெரியம்மா கணவரோடும் மகளோடும் மதியக் காட்சிக்குப் போய், நடு வரிசையில் உட்கார்ந்தார். இடைவேளைவரை திரையில் அவர் கிளியின் குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நீதிமன்றக் காட்சி வந்தது. முதல் வார்த்தைக்கே அரங்கில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். பின்வரிசைப் பெண், “இது யாருங்க பேசறது?” என்று கணவனைக் கேட்டாள்.

பெரியம்மா திரும்பினார். “நான்தான்.”

“ஷ்ஷ்! படம் பாக்க விடுங்கம்மா,” என்றாள் அந்தப் பெண்.

இரண்டாவது நிமிடத்தில் சலசலப்பு அடங்கியது. நான்காவது நிமிடத்தில் யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. மகள் அம்மாவின் பக்கம் சாய்ந்து, “நான் கணக்குல ஃபெயிலானப்ப இப்படித்தான் பேசின,” என்றாள். மறுபக்கத்திலிருந்து கணவர் ஏதோ சொன்னார். படம் முடியும்வரை அது என்னவென்று பெரியம்மா கேட்கவில்லை. வெளியே வந்து கேட்டபோது, “ஒரு இடத்துல இடம் விட்டுட்ட,” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் விமர்சனம் வந்தது. பெரியம்மாவின் நடிப்பை மூன்று பத்திகளில் புகழ்ந்த விமர்சகர் இப்படி முடித்திருந்தார்: ‘படத்தின் பெருங்குறை ஒன்றே. உச்சக் காட்சியான நீதிமன்றத்தில் இந்த மகத்தான நடிகைக்குச் சற்றும் பொருந்தாத, முரட்டுத்தனமான குரலை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவருடைய உண்மையான குரலை அறிந்தவர்களுக்கு இது வேதனை.’ அந்தக் குரல் யாருடையது என்று கேட்டு வாசகர் கடிதங்கள் வந்தன. பழி தன்மேல் விழுவதைக் கண்ட கிளி, அந்த நான்கு நிமிடத்தில் பேசியது தான் இல்லை என்று குரல் கலைஞர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். சங்கம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியது.

பெரியம்மா விமர்சனத்தைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, “மோசமான ஆளா இருக்கானே!” என்று கருத்துச் சொன்னார்.

படம் ஐம்பத்து மூன்று நாள் ஓடியது. அத்தனை நாளும் அந்தக் காட்சி பெரியம்மாவின் குரலிலேயே ஓடியது. ஒளிபரப்பு உரிமை வாங்கிய தொலைக்காட்சி நிறுவனம், குரலைச் சரிசெய்து தரச் சொல்லித் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதியது. ஜூலையில் ஒருநாள் நீதிமன்ற அரங்கை மறுபடி வாடகைக்கு எடுத்து, நீதிபதியாக நடித்த துணை நடிகரை வரவழைத்து, அவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அவர் முகத்தை மட்டும் அரை நாள் படமெடுத்தார்கள். தொலைக்காட்சிப் பிரதியில் அந்த நான்கு நிமிடம் பத்து வினாடியும் நீதிபதியின் முகம் தெரிகிறது. குரல் கிளியுடையது. அதன் பிறகு நீதிபதியாக நடித்தவருக்கு மூன்று படங்களில் வாய்ப்பு வந்தது.